யாருடைய சம்மதம்?

மக்களாட்சியில் பெரும்பான்மையின் அதிகாரத்துக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால், அந்த எல்லை யாரைக் காக்கிறது, யாரைக் காக்கத் தவறுகிறது என்ற கேள்விக்கு எல்லாரும் ஒரே விடை சொல்வதில்லை. 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அரசியல் விமர்சனம் என்றாலே முதலில் நினைவுக்கு வந்த பெயர் வால்டர் லிப்மன். இந்தக் கேள்விக்கு அவர் தம் வாழ்நாளில் இரு வேறு விடைகளைத் தந்தார். கறுப்பின மக்களின் உரிமைக்கான சட்டங்கள் நாடாளுமன்றத்தில் முடக்கப்பட்டபோது, அந்த முடக்கத்துக்கு அனுமதியளிக்கும் விதியை 1949-இல் அவர் நியாயப்படுத்தினார். 1963-இல், அதே உரிமைகளை நிலைநாட்டும் பொறுப்பை நடுவண் அரசே ஏற்று நடத்த வேண்டும் என்று எழுதினார். இடைப்பட்ட 14 ஆண்டுகளின் விலை என்ன, அதைக் கொடுத்தவர்கள் யார் என்பதைக் கணக்கிடாமல் லிப்மனை மதிப்பிட முடியாது.

லிப்மன் 1889 செப்டம்பர் 23-இல் நியூயார்க்கில், ஜெர்மானிய யூத மரபைச் சேர்ந்த வசதியான குடும்பத்தில் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். 1906-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மெய்யியலாளர்கள் வில்லியம் ஜேம்ஸ், ஜார்ஜ் சந்தயானா ஆகியோரின் நெருக்கம் அங்கே அவருக்குக் கிடைத்தது. மாணவப் பருவத்தில் சோஷலிசக் கழகத்தின் தலைவராக இருந்தார். 1912-இல் ஸ்கெனெக்டடி நகரின் சோஷலிச மேயருக்குச் செயலராகச் சில மாதங்கள் பணியாற்றியதும் அந்த ஈடுபாடு தணிந்தது. அடுத்த ஆண்டே முதல் நூலை வெளியிட்டார். 1914-இல் 'நியூ ரிபப்ளிக்' வார இதழைத் தொடங்கிய ஆசிரியர் குழுவில் இடம்பெற்றார். முதல் உலகப் போரின்போது அரசுப் பணிக்குச் சென்று, அதிபர் உட்ரோ வில்சனின் 14 அம்சத் திட்டத்துக்கான ஆய்வுக் குழுவில் பங்காற்றினார். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

1922-இல் வெளிவந்த 'பப்ளிக் ஒப்பீனியன்' அவருக்கு நிலையான புகழைத் தந்த நூல். மனிதர்கள் உலகை நேரடியாக அறிவதில்லை, தம் மனத்தில் முன்பே பதிந்த படங்களின் வழியாகவே அறிகிறார்கள் என்பது அதன் மையக் கருத்து. அச்சுத் தொழிலில் வார்த்தெடுத்த தகட்டைக் குறித்த ஸ்டீரியோடைப் என்ற சொல்லை, பிறரைப் பற்றி நாம் சுமந்து திரியும் முன்முடிவுகளுக்குப் பெயராக நிலைபெறச் செய்தவர் அவரே. மூன்று ஆண்டுகள் கழித்து எழுதிய இன்னொரு நூலில், பொதுமக்கள் ஒன்றுகூடி நாட்டை ஆள்கிறார்கள் என்பதே ஒரு மாயத் தோற்றம் என்ற முடிவுக்கு வந்தார்.

<b>அச்சத்தின் வேர்</b>

பெரும்பான்மை மீது அவர் கொண்ட ஐயத்துக்குக் காரணங்கள் இருந்தன. 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில், பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர் மீது வழக்கு நடந்தது. வரி கொடுக்கும் மக்களே பள்ளியில் எதைக் கற்பிப்பது என்பதை முடிவு செய்யலாம் என்பது அரசுத் தரப்பில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனின் நிலை. லிப்மனை இது ஆழமாகத் தொந்தரவு செய்தது. உண்மை எது என்பதை வாக்கு எண்ணிக்கை தீர்மானித்தால் அறிவு என்னவாகும் என்ற கேள்வியை வைத்தே 1928-இல் ஒரு நூல் எழுதினார். 1937-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டித் தமக்கு ஆதரவான தீர்ப்புகளைப் பெற அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முயன்றபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் லிப்மன் முன்னணியில் நின்றார்.

அதே ஆண்டில் அவர் எழுதிய 'த குட் சொசைட்டி' நூலைப் பொருளாதார வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். மையத் திட்டமிடலை விமர்சித்த அந்நூலை விவாதிக்க 1938 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய அறிஞர்களில் பிரெடரிக் ஹாயக்கும் லுட்விக் வான் மீசஸும் இருந்தார்கள். பின்னாளில் உலகெங்கும் பேசப்பட்ட நவதாராளவாதத்தின் தொடக்கக் கூட்டங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. அதிகாரம் எந்தக் கையில் குவிந்தாலும் ஆபத்து என்பதே லிப்மனின் அரசியல் சிந்தனையின் அடித்தளம்.

1931 செப்டம்பரில் 'நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன்' நாளிதழில் அவர் தொடங்கிய பத்தி, 36 ஆண்டுகள் தொடர்ந்தது. அதை 200-க்கும் மேற்பட்ட நாளிதழ்கள் மறுவெளியீடு செய்தன. அதிபர்களும் அயல்நாட்டுத் தலைவர்களும் அதைப் படித்தார்கள். அவரைச் சந்திக்க விரும்பினார்கள். அந்தப் பத்தியில் உலக அரசியலும் பொருளாதாரமும் பெற்ற இடத்தை, உள்நாட்டின் இனப் பிரச்சினை நெடுங்காலம் பெறவில்லை.

<b>இரண்டு சறுக்கல்கள்</b>

அந்தப் பிரச்சினையை அவர் அறியாதவர் அல்லர். 1919 கோடையில் சிகாகோவில் நடந்த இனக் கலவரத்தில் 38 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர். அக்கலவரம் குறித்துக் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் எழுதிய செய்திக் கட்டுரைகள் நூலானபோது, முன்னுரை எழுதியவர் லிப்மன். வீட்டுவசதி, வேலை, கூலி ஆகியவற்றின் சீர்கேட்டிலிருந்து இனப் பகையைப் பிரித்துப் பார்க்க முடியாது என்று அவர் அதில் சொன்னது சரியான கணிப்பு. ஆனால், தீர்வு என்று வந்தபோது, இரு இனங்களும் ஒன்றோடொன்று கலக்காமல், ஒன்றை மற்றொன்று இழிவுபடுத்தாமல், தத்தம் தன்மானத்தோடு இணை கோடுகள்போல் வாழ்வதே நல்லது என்றார். நல்லெண்ணத்தில் எழுதியதுதான். ஆயினும், தனித்தனியாக ஆனால் சமமாக என்று 1896-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கோட்பாட்டிலிருந்து அது வெகுதொலைவில் இல்லை.

இரண்டாவது சறுக்கல் இதைவிடக் கொடியது. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட இரு மாதங்களில், 1942 பிப்ரவரியில், அவர் கலிபோர்னியாவுக்குச் சென்று ராணுவத் தளபதி ஜான் டெவிட், மாநில அரசின் தலைமை வழக்குரைஞர் ஏர்ல் வாரன் ஆகியோரின் கருத்துகளைக் கேட்டறிந்தார். பிப்ரவரி 12-ஆம் தேதி வெளியான பத்தியில், மேற்குக் கடற்கரை முழுவதையும் போர்முனையாகக் கருதி, அங்கே யார் இருக்கலாம் என்பதை ராணுவம் முடிவு செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். அதுவரை நாசவேலை ஏதும் நடக்காததையே, தக்க தருணத்துக்காகச் சதிகாரர்கள் காத்திருப்பதன் அடையாளமாக அவர் வாசித்தார். ஒரு வாரத்தில் ரூஸ்வெல்டின் ஆணை வந்தது. ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். முன்முடிவுகளின் ஆபத்தை 20 ஆண்டுகளுக்கு முன்பே உலகுக்கு விளக்கியவர், ஆதாரம் இல்லாததையே ஆதாரமாக ஏற்றுக்கொண்டார். 1988-இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு வழங்கியது.

<b>1949-இன் வாதம்</b>

இந்தப் பின்னணியில்தான் அவருடைய 1949-ஆம் ஆண்டுப் பத்தியை வாசிக்க வேண்டும். அமெரிக்க மேலவையான செனட்டில், உறுப்பினர்கள் விரும்பும் வரை பேசிக்கொண்டே இருந்து ஒரு மசோதாவை வாக்கெடுப்புக்கு வரவிடாமல் தடுக்கும் பழக்கம் உண்டு. இதற்குப் பிலிபஸ்டர் என்று பெயர். விவாதத்தை முடித்துவைக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை என்று 1917-இல் விதி உருவானது. தென் மாநில உறுப்பினர்கள் இந்த வழியைத் திறமையாகக் கையாண்டார்கள். கும்பல் கொலைகளைத் தடுக்கும் மசோதா 1922-இல் கீழவையில் நிறைவேறியும் செனட்டில் மடிந்தது. 1938-இல் மீண்டும் அதே கதி. ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் வாக்குச்சாவடியிலிருந்து விலக்கிய தலைவரியை ஒழிக்கும் மசோதாக்கள் 1940-களில் பலமுறை கீழவையைக் கடந்தும் சட்டமாகவில்லை.

1948-இல் அதிபர் ஹாரி ட்ரூமன் குடிமை உரிமைகள் திட்டமொன்றை முன்வைத்துத் தேர்தலிலும் வென்றார். 1949 தொடக்கத்தில் செனட்டின் விவாத விதியை மாற்றும் முயற்சி தொடங்கியது. அப்போது லிப்மன் எழுதியதன் சாரம் இது: பெரும்பான்மை உள்ளிட்ட எல்லா அதிகாரங்களுக்கும் தடை போடுவதே அமெரிக்க அமைப்பின் தனிச்சிறப்பு, உறுதியாக எதிர்க்கும் ஒரு சிறுபான்மையை எண்ணிக்கை பலத்தால் பணியவைப்பது நல்லதன்று, சிறுபான்மைகளைப் பெரும்பான்மை வற்புறுத்தக் கூடாது என்ற நெறி நிலைத்தால், மெதுவாகக் கிடைத்தாலும் கறுப்பினத்தவரின் உரிமைகள் இறுதியில் கூடுதல் உறுதியோடு நிலைபெறும். அந்த முயற்சி தோற்றது. விதி முன்பைவிடக் கடுமையாகி, அவைக்கு வந்தோரில் அன்றி மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு வேண்டும் என்றானது.

இந்த வாதத்தை இனவெறியின் குரல் என்று ஒதுக்கிவிட முடியாது. சம்மதமின்றித் திணிக்கப்படும் சட்டம் நிலைக்காது என்பது மதிக்கத்தக்க கருத்து. பொருளியலிலும் அதற்கு நீண்ட மரபு உண்டு. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செலவுக்கே அரசு வரி விதிக்க வேண்டும் என்று ஸ்வீடன் பொருளியலறிஞர் நட் விக்செல் 1896-இல் எழுதினார். ஜேம்ஸ் புக்கானனும் கார்டன் டல்லக்கும் 1962-இல் அதை விரிவாக்கினார்கள். முடிவெடுக்கத் தேவையான ஆதரவின் அளவு கூடக் கூட, பிறர் முடிவால் ஒருவருக்கு நேரும் இழப்பு குறைகிறது. முடிவை எட்டுவதற்கான செலவு கூடுகிறது. இரண்டையும் எடைபோட்டு விதியை வகுக்கலாம் என்றார்கள்.

ஆனால், இந்தக் கணக்குக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. முடிவால் பாதிக்கப்படும் எல்லோரும் அவையில் இடம்பெற்றிருக்க வேண்டும். மிசிசிப்பி மாநில மக்களில் அன்று 45 சதவீதம் அளவுக்குக் கறுப்பினத்தவர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்குரிமை கிட்டவில்லை. எனினும், அம்மாநிலத்தின் இரு செனட் உறுப்பினர்களும் அவர்களையும் சேர்த்தே பிரதிநிதித்துவம் செய்வதாகக் கணக்கு. லிப்மன் காக்க விரும்பிய சிறுபான்மை, நாட்டளவில் சிறுபான்மை. தன் மாநிலத்திலோ, தனக்குக் கீழே இருந்த இன்னொரு சிறுபான்மையின் வாயை அடைத்து வைத்திருந்த அதிகாரம். எந்தச் சிறுபான்மைக்குத் தடையாணை உரிமை கிடைக்கிறது, எதற்குக் கிடைக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. விக்செல்லே இதை உணர்ந்திருந்தார். இருக்கும் சொத்துப் பங்கீடு நியாயமாக இருந்தால்தான் ஒருமித்த சம்மதம் என்ற விதி நியாயமாகும் என்று அவர் எச்சரித்தார். அநியாயமான தொடக்க நிலையில், மாற்றத்துக்கு அனைவரின் சம்மதமும் வேண்டும் என்பது, அநியாயத்துக்குக் காவல் போடுவதாகும்.

<b>நிலை மாறிய ஆண்டு</b>

1963 மே மாதம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், ஊர்வலம் சென்ற பள்ளிச் சிறுவர்கள் மீது காவல் துறை நாய்களை ஏவியது, தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்கு முந்தைய மாதம், அதே நகரின் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம், ஒழுங்கின் பெயரால் பொறுமை போதிக்கும் வெள்ளை மிதவாதிகளைப் பற்றித் தம் ஏமாற்றத்தைத் தெரிவித்திருந்தது. லிப்மனின் பெயர் அதில் இல்லை. ஆனால், 1949-இல் அவர் எடுத்த நிலைக்கு அதைவிடக் கூர்மையான மறுப்பு கிடையாது.

மே மாத இறுதியில் லிப்மன் எழுதிய பத்தியில் புதிய குரல் கேட்டது. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் பணி, வட மாநில அரசியலர்கள் வாழ்த்திவிட்டு ஒதுங்கும் கறுப்பினத்தவர் இயக்கமாக மட்டும் இனி இருக்கக் கூடாது. நாட்டின் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் தேசிய இயக்கமாக, நடுவண் அரசின் தலைமையில் அது நடைபெற வேண்டும் என்றார். ஜூன் 11-இல் அதிபர் ஜான் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றிச் சட்டம் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். லிப்மன் அந்தச் சட்டத்தை ஆதரித்தார். அதை எதிர்த்து வாக்களித்த பேரி கோல்ட்வாட்டர் 1964-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரானபோது, அவரையும் கடுமையாக விமர்சித்தார். அப்போது அவருக்கு 74 வயது. எல்லாப் புகழும் அடைந்துவிட்ட முதுமையில் நிலையை மாற்றிக்கொள்வது எளிதன்று. அந்தப் பெருமையை அவருக்கு மறுக்கலாகாது.

சட்டத்தின் பயணமும் கவனத்துக்குரியது. செனட்டில் அம்மசோதாவை எதிர்த்து இரு மாதங்களுக்கும் மேலாகப் பேசினார்கள். 1964 ஜூன் 10-இல் 71 பேர் ஆதரவாகவும் 29 பேர் எதிராகவும் வாக்களிக்க, விவாதம் முடிவுக்கு வந்தது. குடிமை உரிமை மசோதா ஒன்றில் பிலிபஸ்டர் முறியடிக்கப்பட்டது அதுவே முதல்முறை. ஜூலை 2-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்டார். எதிர்ப்பணியின் தளபதியான ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரசல், சட்டம் வந்துவிட்டது, இனி அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தம் மக்களிடம் சொன்னார். மூன்றில் இரண்டு பங்கு என்ற தடையைத் தாண்டி வந்ததால்தான் இத்தகைய பணிவு கிடைத்தது என்று லிப்மனின் ஆதரவாளர் வாதிடக்கூடும். அதில் ஓரளவு உண்மை உண்டு.

ஆனால், அந்த 71 வாக்குகள் தாமாகக் கனிந்தவை அல்ல. பர்மிங்காம் சிறுவர்களும், 1963 ஆகஸ்டில் வாஷிங்டனில் திரண்ட இரண்டரை லட்சம் பேரும், செப்டம்பரில் தேவாலயக் குண்டுவெடிப்பில் மாண்ட நான்கு சிறுமிகளும் இல்லாமல் அந்தச் சம்மதம் உருவாகியிருக்காது. பொறுத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள் பொறுக்க மறுத்ததால்தான், பொறுமையின் பலன் என்று லிப்மன் எதிர்பார்த்தது விளைந்தது.

<b>தாமதத்தின் கணக்கு</b>

காலம் தாழ்ந்ததால் என்ன இழப்பு என்பதை இன்று நம்மால் அளக்க முடிகிறது. தெற்குக் கரோலினாவின் நூற்பாலைகளில் அரை நூற்றாண்டு காலம், போரும் தொழில் வளர்ச்சியும் வந்து போனபோதும், கறுப்பினத் தொழிலாளர் பங்கு மிகக் குறைவாகவே தேங்கியிருந்தது. சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவு 1965-இல் நடைமுறைக்கு வந்ததும் அது திடீரென உயரத் தொடங்கியதை ஜேம்ஸ் ஹெக்மனும் புரூக் பேய்னரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சந்தைப் போட்டியே பாகுபாட்டைக் கரைத்துவிடும், சட்டம் தேவையில்லை என்று மில்டன் பிரீட்மன் 1962-இல் வாதிட்டிருந்தார். ஐம்பது ஆண்டுகள் சந்தை செய்யாததைச் சில ஆண்டுகளில் சட்டம் செய்தது.

பாகுபாடு காட்டும் நிறுவனங்களுக்கு நடுவண் நிதி கிடையாது என்ற பிரிவு, தென் மாநில மருத்துவமனைகளின் கதவுகளைத் திறந்தது. மிசிசிப்பியின் கிராமப்புறங்களில் வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் இறந்த கறுப்பினக் குழந்தைகளின் எண்ணிக்கை 1965-க்குப் பிறகு வேகமாகக் குறைந்ததைப் பின்னாளைய பொருளியல் ஆய்வுகள் எடுத்துக்காட்டின. உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் அவர்கள். மெதுவாகக் கிடைத்தாலும் என்று ஒரு பத்தியில் எளிதாகக் கடந்துபோன சொல்லின் பொருள் இதுதான். அந்த மெதுவுக்கான விலையை எழுதியவரோ செனட்டில் பேசியவர்களோ கொடுக்கவில்லை.

வாக்குரிமையும் அப்படியே. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன்பு மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவுசெய்திருந்த கறுப்பினத்தவர் 6.7 சதவீதம், 1967-இல் 59.8 சதவீதம். இன்னும் ஒன்று. குடிமை உரிமைச் சட்டங்களால் தென் மாநில வெள்ளையர்களும் பொருளாதார ரீதியில் பயனடைந்தார்கள் என்பதை வரலாற்றறிஞர் கேவின் ரைட் 2013-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். லிப்மன் பாதுகாக்க எண்ணிய அந்தச் சிறுபான்மைக்கும் தாமதம் நன்மை செய்யவில்லை.

பரந்த சம்மதத்தோடு வரும் உரிமை கூடுதல் உறுதியோடு நிற்கும் என்ற கணிப்பையும் சோதித்துப் பார்க்கலாம். வாக்குரிமைச் சட்டம் 1965-இல் செனட்டில் 77-க்கு 19 என்று நிறைவேறியது. 2006-இல் அது நீட்டிக்கப்பட்டபோது எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. 98 பேர் ஆதரித்தார்கள். எனினும் 2013-இல் ஐந்து நீதிபதிகளின் தீர்ப்பு, அச்சட்டத்தின் மிக வலுவான பிரிவைச் செயலிழக்கச் செய்தது. சம்மதத்தின் பரப்பு மட்டுமே உரிமைக்கு அரணாவதில்லை.

லிப்மன் 1967-இல் தம் வழக்கமான பத்தியை நிறுத்தினார்; 1974 டிசம்பர் 14-இல் மறைந்தார். வியட்நாம் போரை எதிர்த்து ஜான்சனின் பகையைத் தேடிக்கொண்ட அவருடைய இறுதிக்காலத் துணிவு பாராட்டுக்குரியது. பெரும்பான்மையின் ஆணவம் குறித்த அவருடைய எச்சரிக்கை இன்றும் தேவை. அதைக் கைவிடுபவர்கள் வருந்துவார்கள். ஆனால், அந்த எச்சரிக்கையை முதலில் நாடியவர்கள் அதிகாரத்தில் இருந்த சிறுபான்மையினர் என்பதையும், அது உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றார்கள் என்பதையும் காண அவருக்கு 14 ஆண்டுகள் பிடித்தன. நாட்டின் மிகக் கூர்மையான அரசியல் அறிவுக்கே அப்படியென்றால், ஒரு சட்டம் அவசரமா, பொறுத்திருக்கலாமா என்று நாள்தோறும் தீர்ப்பெழுதும் மற்றவர்கள், காத்திருக்கப் போவது யார் என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).